இரவில் விழித்திருக்கும் மானுக்கு மருந்து தேவையா?

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்கு அருகில் வசிக்கும் வாசகர் ஒருவரின் வளவில் இரவு தங்கும் ஏழு புள்ளிமான்களில், ஓரத்தில் படுக்கும் பெண்மான் தூங்கியதை அவர் ஒருநாளும் கண்டதில்லையாம். அதைப் பிடித்துத் தனியே அடைத்து மருந்து கொடுப்பதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம். கூட்டமாக வாழும் விலங்கின் தூக்கம் அது படுக்கும் இடத்தையும் அருகிலுள்ளவற்றையும் பொறுத்தது. வரிசையாக உறங்கிய காட்டு வாத்துகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, ஓரத்து வாத்துகள் நடுவில் உள்ளவற்றைவிட அதிகமாக, கூட்டத்துக்கு வெளிப்புறம் நோக்கிய கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டன. மானின் மூளை அப்படிப் பிரிந்து உறங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓரத்தில் கிடப்பதற்குக் காவல் வேலை கூடுதல். மேலும் மாடு போலவே மானும் அசைபோட்டபடி, தலை நிமிர்ந்தபடியே அரைத்தூக்கத்தில் இருக்கும். கழுத்தை வளைத்து விலாமேல் தலையைச் சாய்க்கும் அந்தச் சில நிமிடங்களே ஆழ்ந்த தூக்கம். அதை நீங்கள் தவறவிட்டிருப்பீர்கள். கூட்டம் எப்போதும் நிம்மதி தரும் என்பதுமில்லை: கென்யாவின் பபூன் குரங்குகள், அருகில் துணைகள் கூடிய இரவுகளில் குறைவாகவே தூங்கின என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

பிடிப்பவர் சொல்லாத விடயம் ஒன்று உண்டு: வலையில் திமிறும் மானின் தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அது இறக்கக்கூடும். அப்போது பணம் வாங்கியவர் இருக்க மாட்டார். காட்டுமானை அடைத்துவைத்த சட்டக் குற்றம் உங்கள் தலையில் விழும்.

விதிவிலக்கு ஒன்றே, அதைக் கவனமாகப் பாருங்கள். மான் கூட்டத்தை விட்டு விலகி, பகலிலும் எழாமல், அசைபோடாமல், இடது வயிறு உப்பிக் கிடந்தால் அது தூக்கப் பிரச்சினை அன்று. சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றும் பொலித்தீன் பையும் இரைப்பையை அடைத்திருக்கலாம். வெறுமனே ஓரத்தில் படுப்பது அறிகுறி ஆகாது, விலகி இருப்பதோடு வயிறும் உப்பியிருக்க வேண்டும். அந்நிலையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை அழையுங்கள். மிருக வைத்தியர், உள்ளூராட்சி, வனம் என்று ஒருவர் மற்றவரைக் காட்டும் நம் ஒழுங்குமுறையில் மான் காத்திருக்காது. ஆகவே அழைத்த நேரத்தையும் பேசியவரின் பதவியையும் எழுதி வையுங்கள், பிறகு எவரும் தமக்கு அறிவிக்கவில்லை என்று சொல்ல முடியாது.