குறிப்பிட்ட வரம்புக்குள் ரேண்டம் எண்: வகுத்து மீதியை எடுத்தால் போதுமா?

கீழெல்லை, மேலெல்லை ஆகிய இரண்டும் உட்பட, இடையில் உள்ள ஒவ்வொரு முழு எண்ணும் சமமான வாய்ப்போடு வர வேண்டும் என்பதும், அதற்கு ரேண்டம் எண்ணை (கணினி தற்போக்காகத் தரும் எண்ணை) வகுத்து மீதியை எடுத்தால் போதுமா என்பதும் உங்கள் கேள்வி. சிறிய வரம்புகளுக்கு அது ஏறத்தாழ போதும். பெரிய வரம்புகளுக்குப் போதாது.

முதலில் வரம்பில் எத்தனை எண்கள் உள்ளன என்பதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். 5 முதல் 12 வரை என்றால் 7 அல்ல, 8 எண்கள். மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்து 1 கூட்ட வேண்டும். இந்த 8-ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதியுடன் 5-ஐக் கூட்டினால் விடை வரம்புக்குள் வந்துவிடும்.

சிக்கல் சமவாய்ப்பில்தான் இருக்கிறது. சி மொழியில் ரேண்டம் எண்ணைத் தரும் ரேண்ட் செயற்கூறு தரும் மிகப்பெரிய எண் குறைந்தபட்சம் 32767 ஆக இருக்கும் என்று மட்டுமே அம்மொழியின் தரநிலை உறுதியளிக்கிறது. அந்த அளவையே வைத்துக்கொண்டால், கிடைக்கக்கூடிய மதிப்புகள் 0-வையும் சேர்த்து 32768. இவற்றை 10000-ஆல் வகுக்கும்போது, 0 முதல் 2767 வரையிலான ஒவ்வொரு மீதிக்கும் 4 மூல எண்களும் (வகுப்பதற்கு முன் ரேண்ட் தரும் எண்கள்), 2768 முதல் 9999 வரையிலான ஒவ்வொன்றுக்கும் 3 மூல எண்களுமே அமைகின்றன; அதாவது சிறிய எண்கள் மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். வரம்பு 6 எண்கள் மட்டுமே என்றால், 5462-க்கு 5461 என்ற அளவில் வேறுபாடு இருக்கும். விளையாட்டு நிரலில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. 10000 எண்கள் கொண்ட வரம்புக்குத் தீர்வு எளிது: மூல எண் 30000 அல்லது அதற்கு மேல் வந்தால் அதைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். பைத்தானின் ரேண்டம் தொகுதியும், தேவையான பிட்களை மட்டும் எடுத்து, வரம்பை மீறியதை ஒதுக்கி, மீண்டும் எடுக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தசம எண்ணைப் பெருக்கி வரம்பை உண்டாக்குவோர், முழுமையாக்க ரவுண்டை (அருகிலுள்ள முழு எண்ணாக்கும் செயற்கூறு) பயன்படுத்துவது இன்னொரு பிழை. 1 முதல் 6 வரை எடுப்பதற்கு 5-ஆல் பெருக்கி, 1 கூட்டி, ரவுண்ட் செய்தால், 1-க்கும் 6-க்கும் பத்தில் ஒரு வாய்ப்பும் மற்ற நான்கிற்கும் ஐந்தில் ஒரு வாய்ப்புமே கிட்டும். 6-ஆல் பெருக்கி, ஃப்ளோர் கொண்டு தசமப் பகுதியை நீக்கிய பின் 1 கூட்டுவதே சரி.

என் விருப்பம், மொழியே தரும் வசதியைப் பயன்படுத்துவதுதான். ஆயினும் எல்லை விதியைப் படித்தாக வேண்டும்: பைத்தானின் ரேண்ட்இன்ட் மேலெல்லையையும் சேர்க்கிறது, ரேண்ட்ரேஞ்ச் சேர்ப்பதில்லை, ஜாவாவின் நெக்ஸ்ட்இன்ட்டும் சேர்ப்பதில்லை. ஒரே நிரலாளர் இரு மொழிகளில் எழுதும்போது இங்கேதான் தடுமாறுவார்.

கடவுச்சொல்லுக்கோ ஒருமுறை மட்டும் பயன்படும் கடவு எண்ணுக்கோ (OTP) என்றால் இவை எதுவும் வேண்டாம். பைத்தானின் ரேண்டம் தொகுதி எண்களை உருவாக்கப் பயன்படுத்தும் மெர்சென் ட்விஸ்டர் என்ற வழிமுறையின் 624 தொடர் வெளியீடுகளை, 32 பிட் எண்களாக முழுமையாகப் பார்த்த ஒருவர் அடுத்து வருவதைக் கணித்துவிட முடியும். அத்தகைய தேவைக்குப் பைத்தான் 3.6 முதல் உள்ள சீக்ரெட்ஸ் தொகுதியைப் பயன்படுத்துங்கள்.