குளியலறையில் மரவேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளியலறைக் கதவு நான்கே ஆண்டில் அடியில் உளுத்துவிட்டது. இந்த முறை தேக்கில் போடலாமா?
– திருமங்கலம் வாசகர்

போடலாம். அதற்கு முன் பழைய கதவைக் கழற்றிக் கவிழ்த்து, அடி விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வார்னிஷ் ஒரு சொட்டுக்கூடப் பட்டிருக்காது. கதவை மாட்டிய பிறகே பெயிண்டர் வருகிறார். இரண்டு முகப்பையும் பளபளப்பாக்கிவிட்டுப் போகிறார். தரையை ஒட்டிய விளிம்புக்குள் அவருடைய பிரஷ் நுழைவதில்லை. நெடுக்குச் சட்டங்களின் அறுப்புவாய் திறந்து கிடப்பதும் அங்கேதான். மரம் உயிரோடு நின்றபோது வேர்நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் அந்த வாயில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. தரையில் தெறிக்கும் நீரைப் பலகையின் அகலப்பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக அவை உறிஞ்சிக்கொள்ளும்.

அதனால் கதவை மாட்டும் முன்பே அடி விளிம்பு, மேல் விளிம்பு, கீலுக்கும் பூட்டுக்கும் தோண்டிய குழிகள் அனைத்திலும் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பிசின்) பூசச் சொல்லுங்கள். முதல் பூச்சை மரம் குடித்துவிடும். குடிப்பது நிற்கும்வரை மேலும் பூச வேண்டும். தரைக்கும் கதவுக்கும் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதிதான் ஈரத்துக்கு ஈடுகொடுக்கும். ஓரத்து வெள்ளைப் பகுதி எளிதில் உளுத்துவிடும். இதையெல்லாம் செய்தால் நல்ல வேங்கையே போதும். விலை உயர்ந்த தேக்கை வாங்கிவிட்டு அடி விளிம்பை மறந்தால், செலவழித்த காசு வீண்.

வாஷ்பேசினுக்குக் கீழே அலமாரி செய்ய எம்.ஆர். ப்ளைவுட் போதும் என்கிறார் கடைக்காரர்.
– மதுரை அண்ணா நகர் வாசகி

போதாது அம்மா. எம்.ஆர். (மாய்ஸ்ச்சர் ரெசிஸ்டன்ட்) வகை காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும். குழாய்க் கசிவைத் தாங்காது. அதில் வழக்கமாகச் சேர்ப்பது யூரியா பார்மால்டிஹைடு பசை. நீரில் ஊறினால் அது விட்டுக்கொடுத்து, தாள் தாளாகப் பிரியும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் கேளுங்கள். அதன் பீனால் பார்மால்டிஹைடு பசை தாங்குகிறதா என்று, பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். முத்திரை பலகையிலேயே அச்சாகியிருக்க வேண்டும்; கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. இதிலும் அறுத்த விளிம்புகளையும், குழாய்க்காகப் போட்ட துளையின் உட்புறத்தையும் பூசி அடைத்துவிடுங்கள்.

தேக்குப் பலகைகளை ஒட்டினோம். சில மாதங்களிலேயே இணைப்பு விட்டுவிட்டது.
– மேலூர் வாசகர்

இரண்டு காரணங்கள் இருக்கலாம். சாதாரண வெள்ளைப் பசை நீர்பட்டால் இளகும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், இழைத்து நாளான பலகையில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. ஒட்டும் அன்றே உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் பழுப்பு நிறம் ஏறும். புதுத் துணியில் அது மங்கும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். அசிட்டோன் காய்ந்ததும் இருகலவை எபாக்ஸியால் ஒட்டுங்கள். கிளாம்பை அளவாக முறுக்குங்கள். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடக் கூடாது. சித்திரை வெயிலில் எபாக்ஸி சீக்கிரம் இறுகும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் அரக்கு பாலிஷ் போட்டோம். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது.
– சோழவந்தான் வாசகி

அரக்குக்கு நீர் ஆகாது. உப்புத்தாளால் முழுக்கச் சுரண்டிவிட்டு, இருகலவை பாலியூரித்தேன் மூன்று பூச்சு கொடுங்கள். அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், சட்டத்தைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, உரிய முகமூடியுடன் பூசுங்கள். ஐப்பசி மழை நாட்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள், பூச்சு மங்கிப்போகும்.

பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பூவரசம் பலகையைக் குளியலறைத் தட்டாகப் போடலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

தாராளமாக. வைரம் பாய்ந்த பூவரசு நீருக்கு அஞ்சாது. முதலில் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். கத்தி முனையால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் இடங்களை அறுத்துத் தள்ளுங்கள். மாட்டுவதற்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியே வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீருக்குச் சாதாரண இரும்பு சீக்கிரமே துருவேறி, துளையைச் சுற்றி மரத்தைக் கறுக்க வைத்துவிடும்.