கல்சியம் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்

வணக்கம். 30 வாரக் கர்ப்பிணியான உங்கள் மனைவிக்கு வயிறு இறுகியதால் நிஃபெடிபைன் கொடுத்திருக்கிறார்கள். கல்சியத்தைத் தடுக்கும் மருந்தோடு கிளினிக்கில் தந்த கல்சியம் குளிசையும் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கருப்பைத் தசை சுருங்க, கல்சியம் அயன் கலத்துக்குள் கூட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஓய்வாக இருக்கும் கலத்துக்குள் அது வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆகவே சுருக்கத்தைத் தீர்மானிப்பது, கல்சியம் கலத்துக்குள் நுழையும் வாசல் திறப்பதுதான், விழுங்கும் குளிசை அல்ல. பிரசவ வலியைத் தூண்டும் ஓமோனான ஒட்சிடொசின் கலத்தின் உள்சேமிப்பிலிருந்து கல்சியத்தை விடுவித்து, வெளியிலிருந்து வருவதையும் கூட்டும். கர்ப்பத்தைக் காக்கும் ஓமோனான புரொஜெஸ்தரோன் தசையை அமைதிப்படுத்தும். நிஃபெடிபைன் கலத்தின் மென்சவ்வில் உள்ள அந்த வாசலை அடைக்கும். இரத்தத்தின் கல்சிய அளவையோ கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் சுரக்கும் பராதைரொயிட் ஓமோன் இறுக்கமாகக் காக்கிறது. உணவிலும் குளிசையிலும் குறைந்தால் தாயின் எலும்பிலிருந்து எடுக்கும். பாலும் நெத்தலியும் குறைவாகச் சாப்பிடுபவர் என்றால் இந்தக் குளிசை இன்னும் முக்கியம்: கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயின் ஆபத்தை அது குறைக்கிறது.

பலர் பிழைவிடுவது வேறிடத்தில். இரும்புக் குளிசையோடு கல்சியத்தைச் சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. 2 மணித்தியால இடைவெளி விடுங்கள். இரும்போடு தேத்தண்ணியும் வேண்டாம். நிஃபெடிபைன் பிரஷரைக் குறைக்கும், படுக்கையிலிருந்து மெதுவாக எழும்பச் சொல்லுங்கள். வைத்தியரைக் கேட்காமல் ஃபார்மசியில் மக்னீசியம் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இறுக்கம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்தால், நீர் உடைந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.