மழைக்கோட்டைச் சப்பும் குழந்தை, இருமும் கணவர்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. தண்ணீர் ஒட்டாத மழைக்கோட்டின் கைப்பகுதியை எந்நேரமும் வாயில் வைத்துச் சப்புகிறான். என் கணவர் பழைய கோட்டுகளுக்கும் சோபாவுக்கும் நீர் ஒட்டாத ஸ்ப்ரேயை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார். அன்று இரவு முழுக்க அவருக்கு இருமல். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இத்தகைய துணிகளில் பிஎஃப்ஏஎஸ் என்ற அழியாத ரசாயனம் இருப்பதாகப் படித்தேன். நாங்கள் மூவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: கணவரின் இருமலில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் எழுதியவற்றில் உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது.

நுரையீரலின் காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருப்பதற்கு, அவற்றின் உட்புறத்தில் சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஸ்ப்ரேயில் இருந்து வரும் மிக நுண்ணிய துளிகள், 10 மைக்ரானுக்கும் கீழே உள்ளவை, அந்த ஆழம் வரை போகும். நீர் ஒட்டாமல் செய்யும் அதே பூச்சு அந்தப் படலத்தைக் குலைத்துவிடும். அப்போது நுண்ணறைகள் சுருங்கி, இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், சில சமயம் குளிர் காய்ச்சல் எல்லாம் வரும். அடித்த சில நிமிடங்களிலும் வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்ப்ரே டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதைச் சுவாசித்தார் என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் இதைச் சாதாரண சளி என்று தள்ளிவிட மாட்டார்.

அந்த நேரத்தில் அவர் சிகரெட் பிடித்தாரா என்றும் கேளுங்கள். ஃபுளோரின் கலந்த பூச்சு சிகரெட்டின் நெருப்பில் எரிந்தால் வரும் புகை தனியாக ஒரு காய்ச்சலையே உண்டாக்கும். இனி இந்த ஸ்ப்ரேயை வீட்டுக்குள் அடிக்கவே வேண்டாம். சோபாவுக்கு அது தேவையே இல்லை. கோட்டுக்குத் தேவைப்பட்டால், துவைக்கும்போது நீரில் கலக்கும் திரவமோ, பஞ்சால் தடவும் மெழுகோ வாங்குங்கள். துளியாகப் பறக்காதவற்றால் நுரையீரலுக்கு இந்த ஆபத்து குறைவு.

இனி மகனின் கோட்டு. பிஎஃப்ஏஎஸ் என்பது ஒற்றைப் பொருள் அல்ல; ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் சேர்ந்த ஒரு குடும்பம். கார்பனும் ஃபுளோரினும் இணைந்த பிணைப்பு மிக வலுவானது, அதனால் வெயிலோ கிருமியோ அதை எளிதில் உடைக்க முடியாது. துணியின் மேல் இருப்பது பெரும்பாலும் பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட பெரிய மூலக்கூறு. அது தோல் வழியாக உடம்புக்குள் போகாது. கவலை தருபவை பாலிமரோடு கட்டுப்படாமல் தங்கிவிட்ட சிறு மூலக்கூறுகளும், துணி தேயத் தேயக் கழன்று வருபவையும்தான். சில ஆவியாகி வீட்டுத் தூசியில் படியும். தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதில் தூசி ஒரு முக்கிய வழி. கைப்பகுதியைச் சப்புவதால் உமிழ்நீரோடு சிறிதளவு உள்ளே போகலாம். அது நஞ்சேற்றம் அல்ல. இன்று எந்த அறிகுறியும் வராது. இருந்தாலும் தினமும் நடப்பதை நிறுத்துவதே புத்திசாலித்தனம். மழை விட்டதும் கோட்டைக் கழற்றி அவனுக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். தரையை வாரம் இரண்டு முறை ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் அவன் கையைக் கழுவுங்கள். இந்த மூன்றும் போதும்.

கோட்டில் ஃபுளோரின் பூச்சு இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உள்மடிப்பில் ஒரு துளி தண்ணீரும் பக்கத்தில் ஒரு துளி சமையல் எண்ணெயும் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டும் முத்தாக நின்றால் ஃபுளோரின் இருக்கலாம். தண்ணீர் நின்று எண்ணெய் ஊறினால் மெழுகு அல்லது சிலிக்கோன் பூச்சாக இருக்கும். எண்ணெய்யைத் தள்ளுவது ஃபுளோரினுக்கே உரிய குணம், மழைக்கோட்டுக்கு அது தேவையே இல்லாத குணமும்கூட. புதிதாக வாங்கும்போது 'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்ற சீட்டை மட்டும் நம்பாதீர்கள். பிஎஃப்ஓஏ என்ற ஒரு ரசாயனத்தை மட்டும் எடுத்துவிட்டு, அதே குடும்பத்தில் கார்பன் எண்ணிக்கை குறைந்த குட்டைச் சங்கிலி வகையைப் போட்டிருக்கலாம். 'பிஎஃப்ஏஎஸ் இல்லாதது' அல்லது 'ஃபுளோரின் இல்லாதது' என்று இருக்க வேண்டும்.

நீளச் சங்கிலி, குட்டைச் சங்கிலி என்ற வேறுபாடு ரத்தத்தில் நன்றாகத் தெரியும். நீளச் சங்கிலியான பிஎஃப்ஓஏ ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு முதல் நான்கு ஆண்டு, அதே வகையான பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். குட்டைச் சங்கிலியான பிஎஃப்எச்எக்ஸ்ஏ ஒரு மாத அளவில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அது தண்ணீரில் அதிகம் நகரும், கரித்தூள் வடிகட்டியில் சீக்கிரமே தப்பிவிடும். உடம்புக்கு நல்ல செய்தி ஆற்றுக்குக் கெட்ட செய்தியாகிறது. 2023இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நீண்ட காலம் அதிக அளவு சேர்ந்தவர்களிடம் கொலஸ்ட்ரால் உயர்வு, சிறுநீரகப் புற்றுநோய், கர்ப்பகால ரத்த அழுத்தம், குழந்தையின் எடை சற்றுக் குறைதல், தடுப்பூசிக்கு எதிர்ப்புப் பொருள் குறைவாகச் சுரத்தல் ஆகியவற்றோடு தொடர்பு காணப்பட்டுள்ளது. அந்த அளவு பெரும்பாலும் மாசுபட்ட குடிநீரிலும் தொழிற்சாலை வேலையிலும் வந்தது, மழைக்கோட்டால் அல்ல. மகனுக்கு ஒரு தடுப்பூசியையும் தள்ளிப் போடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை மூவருக்கும் வேண்டாம். அளவு தெரிந்தாலும் அதைக் குறைக்கும் வழக்கமான சிகிச்சை எதுவும் இல்லை. இந்தப் பூச்சுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், தீயணைப்பு நுரையைக் கையாண்டவர், மாசுபட்டதாக அறிவிக்கப்பட்ட நீரைக் குடித்தவர் ஆகியோருக்கு அது பயன்படும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2022 வழிகாட்டுதல்படி, முக்கியமான சில பிஎஃப்ஏஎஸ்களின் மொத்தம் ஒரு மில்லிலிட்டரில் 2 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பாதிப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 20ஐத் தாண்டினால் தைராய்டு, சிறுநீரகம் உட்பட கூடுதல் கண்காணிப்பு வேண்டும். 'நச்சு நீக்கும்' கஷாயமோ மாத்திரையோ இதைக் கரைக்காது. கர்ப்ப காலத்தில் அவற்றைச் சாப்பிடவே வேண்டாம். உங்களுக்கு ஒவ்வொரு பரிசோதனையிலும் எடுக்கும் ரத்த அழுத்தமே போதும். குழந்தை பிறந்தால் தாய்ப்பால் கொடுங்கள். இந்த ரசாயனம் பாலில் சிறிது வரும் என்பது உண்மை, ஆனாலும் தாய்ப்பாலின் நன்மை அதிகம் என்பதே மருத்துவர்களின் பரிந்துரை.

குடிநீரில் சந்தேகம் இருந்தால் ஆர்ஓ வடிகட்டி நன்றாகப் பிடிக்கும். கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகி, மிச்சம் இன்னும் அடர்த்தியாகும்.

பழைய கோட்டுகளைத் தூக்கி எறிய அவசரம் வேண்டாம். மென்மையூட்டி சேர்க்காமல் துவையுங்கள். அது துணியில் படலமாகப் படிந்து நீரை உறிஞ்ச வைக்கும், பிறகு ஸ்ப்ரே வேண்டும் என்று தோன்றும். காய்ந்தபின், கோட்டின் சீட்டு அனுமதித்தால், குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் படுத்துவிட்ட பூச்சு நிமிர்ந்து மறுபடி நீர் ஒட்டாது. குப்பையோடு எரிக்காதீர்கள். திறந்த நெருப்பின் சூடு இந்தப் பிணைப்பை முழுதாக உடைக்காது, நச்சுப் புகைதான் வரும். மிச்சமிருக்கும் ஸ்ப்ரே டப்பாவைச் சாக்கடையில் காலி செய்யாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் அப்படியே கொடுத்துவிடுங்கள்.