ஒரு வீடியோ கேமை வைத்து வருடக்கணக்கில் ரசிகர் கொமிக் வரைவது எப்படி? இடையில் விடாமல் எப்படிக் கொண்டுபோவது?

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர். காலையில் வயல், பின்னேரம் சந்திக் கடையொன்றில் போட்டோக்கொப்பியும் தட்டச்சும். 2019 ஜனவரியில் இருந்து 'ஸ்டார்டியூ வலி' (Stardew Valley) என்ற விளையாட்டை வைத்து இணையத்தில் ஒரு கொமிக் வரைகிறேன். கடைசியாகப் போட்டது 241ஆவது பகுதி. கதைக்குள்ளே இப்போதுதான் இரண்டாம் வருடத்துக் குளிர்காலம். ஆகவே கெதியாக முடிப்பது எப்படி என்று கேட்டிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

விளையாடாதவர்களுக்கு: நகரத்து அலுவலகத்தில் சலித்துப்போன ஒருவர், தாத்தா விட்டுப்போன கடிதத்தைப் பிரித்து வாசித்துவிட்டு அவருடைய காணிக்கு வந்து சேர்கிறார். காணி முழுக்கப் பற்றை, கல், மரக்குற்றி. கையில் கோடாலி, மண்வெட்டி, பிக்காசு, பூவாளி, அரிவாள். 500 பொன் காசு, ஊர்த் தலைவர் கொடுத்த 15 பார்ஸ்னிப் விதை. அவ்வளவுதான் முதல். எரிக் பரோன் என்ற ஒருவர் நாலரை வருடம் போலத் தனியே இருந்து படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016 பெப்ரவரியில் வெளியிட்டது.

2017இல் வவுனியாவில் படித்துக்கொண்டிருந்த மச்சான் லப்டொப்பில் போட்டுக் காட்டினான். அந்தக் காணி திரையில் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வளவும் அப்படித்தான் கிடந்தது. கிணற்றுக் கட்டில் ஆலங்கன்று, வாசல் இருந்த இடத்தில் நாயுருவி, வீடென்று நின்றது பின்சுவர் ஒன்று. விளையாட்டில் எந்தக் கல்லையும் யோசிக்காமல் உடைக்கலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். எங்களுக்கு முதலில் மிதிவெடி எடுத்து முடிந்தது என்று சொல்ல ஆட்கள் வரவேண்டியிருந்தது.

ஆனால் இதை வைத்து வரையலாம் என்று அப்போது தோன்றவில்லை. நான் தொடங்கியது பகிடிக்கு. விளையாட்டுப் படங்களை வெட்டி ஒட்டி, மேலே நாலு வசனம் போட்டு மச்சான்மாருக்கு அனுப்பினேன். அது ஒன்றும் கேவலமான வழியல்ல. '8-பிட் தியேட்டர்' என்ற கொமிக் 'ஃபைனல் ஃபேன்டசி' முதல் விளையாட்டின் படத்துண்டுகளை வைத்தே 2001இல் இருந்து 2010 வரை ஓடியது. எனக்கு 11 பகுதியோடு மூச்சு வாங்கிவிட்டது. இந்த விளையாட்டில் ஒரு ஆள் 16 பிக்சல் அகலம், 32 பிக்சல் உயரம். அவரை ஒரு கதவைத் தட்டவைக்கலாம், கதவுக்கு வெளியே நின்று தட்டுவதா விடுவதா என்று தயங்கவைக்க முடியாது. தயங்க விரல் வேண்டும். அதனால் 12ஆவது பகுதியில் இருந்து கையால் வரையத் தொடங்கினேன். அந்தப் பகுதி பார்க்கச் சகிக்காது. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, இடையில் விடாமல் கொண்டுபோவது. விளையாட்டின் கதையைத் திருப்பிச் சொல்லாதீர்கள். விளையாடியவருக்கு அது தெரியும், விளையாடாதவருக்கு அதில் அக்கறை இல்லை. முதல் 30 பகுதியும் நான் இந்தப் பிழையைத்தான் செய்தேன். விதைத்தான், தண்ணீர் ஊற்றினான், விற்றான். எனக்கே அலுத்தது. பிறகு ஒருநாள், இந்தக் காணியில் கிணறு எங்கே என்று யோசித்தேன். விளையாட்டில் அந்தக் கேள்வியே வராது. காணிக்குள்ளேயே குளம்போல ஒரு பள்ளம் இருக்கும், பூவாளியைப் பிடித்தால் நிரம்பும். நான் என் கதாநாயகனுக்கு ஒரு பழைய கிணற்றை வைத்தேன், தூர்ந்துபோனது. அதை அவன் இறைத்து முடிக்க ஒன்பது பகுதி எடுத்தது. முதல் நாள் பாசி, இரண்டாம் நாள் சேறு, பிறகு ஒரு வாளி, பிறகு யாருடையதோ ஒரு செருப்பு. அந்த ஒன்பது பகுதிக்குப் பிறகுதான் விளையாட்டின் பெயரே தெரியாத ஆட்கள் வாசிக்க வந்தார்கள். எங்கள் மாமி ஒருவர் வயல் வரம்பில் மறித்துக் கேட்டார்: "உந்தப் பெடியன் இன்னும் கிணறு இறைச்சு முடிக்கேல்லையோ?"

விளையாட்டு ஒரு செக்கனில் தாண்டிப்போகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. வருடங்களுக்குத் தேவையான கதை அதற்குள்தான் இருக்கிறது.

மொழி விசயம் தனிக்கதை. விளையாட்டில் தமிழ் கிடையாது. ஆங்கிலத்தில் தாத்தாவுக்கு ஒரே சொல். நான் தமிழில் எழுத வேண்டுமென்றால் அவர் அப்பப்பாவா அம்மப்பாவா என்று தெரிந்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் காணி அம்மா வழியில் சீதனமாக இறங்கிவருவது வழக்கம், வடக்குத் தமிழருக்கான மரபுச் சட்டமான தேசவழமையிலேயே அதற்கு இடமிருக்கிறது. ஆகவே அம்மப்பா. அந்த ஒரு சொல்லை முடிவு செய்ததும் அம்மாவுக்கும் அந்தக் காணிக்கும் என்ன பிரச்சினை, ஏன் அவர் அங்கே இருக்கவில்லை என்று ஒரு முழுக் கிளைக்கதை தானாக வந்தது. அது 20 பகுதி.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. விளையாட்டில் ஒவ்வொருவரோடும் உள்ள நெருக்கத்தை இதயக் குறியால் அளப்பார்கள், 250 புள்ளிக்கு ஒரு இதயம். எங்கள் பேச்சில் அந்த அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது: நீங்கள், நீர், நீ. என் கொமிக்கில் இதயக் குறியே கிடையாது. ஷேன் என்ற குடிகாரன் கதாநாயகனை "நீர்" என்று முதன்முதலில் கூப்பிட்ட பகுதியை வாசகர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். தமிழகத்து வாசகர் ஒருவர் மட்டும் "ஏன் திடீரென்று ராஜா காலத்து வசனம்?" என்று கேட்டிருந்தார். விளங்கப்படுத்த ஒரு பகுதி போடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

தமிழ் எழுத்தைப் பேச்சுக் குமிழிக்குள் அடக்குவது பெரும் தலையிடி. ஆங்கிலத்தில் ஐந்து சின்னச் சொல்லாக உடைந்து அடுக்கப்படுவது தமிழில் ஒரே நீளச் சொல்லாக நிற்கும், உடைத்தால் அசிங்கம். குமிழியை முதலில் வரைந்துவிட்டு எழுத்தைத் திணிக்காதீர்கள், எழுத்தை வைத்துவிட்டுச் சுற்றி வரையுங்கள். பேச்சுத்தமிழ் இங்கே கைகொடுக்கும்: 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'போறன்' காணும். சில செயலிகள் 'கொ' என்ற எழுத்தைக் கொம்பு வேறு கால் வேறாகப் பிய்த்துப் போடும். தொடங்க முன்னமே ஒரு வரி தட்டிப் பாருங்கள். கடைவேலையில் எனக்குப் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துரு பழக்கம் என்பதால் முதல் வருடம் முழுக்க அதில்தான் எழுதினேன். பிறகு பழைய வசனங்களைத் தேட முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யூனிகோடுக்கே போங்கள். கவிவனார், பலூ தம்பி என்ற எழுத்துருக்கள் இரண்டும் இலவசம், கொமிக்குக்குப் பொருந்தும். வரைய கிரீட்டா, அதுவும் இலவசம். பெரும்பாலானோர் போனில்தான் வாசிப்பார்கள் என்பதால் 800 பிக்சல் அகலத்தில் மேலிருந்து கீழாக ஓடவிடுகிறேன்.

பனி என்னைக் கொன்றது. இந்த விளையாட்டில் வருடத்துக்கு நாலு பருவம், ஒவ்வொன்றும் 28 நாள், கடைசிப் பருவம் முழுக்கப் பனி. நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. படங்களைப் பார்த்து வரைந்தால் பஞ்சு மூட்டை மாதிரி வந்தது. நிழல் எங்கே விழும், கால் வைத்தால் எப்படி அமுங்கும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒருநாள் மச்சானின் மோட்டார்சைக்கிளில் ஆனையிறவுக்குப் போய் உப்பளத்தில் குவித்துவைத்த உப்பைக் காலை, மத்தியானம், பொழுதுபடுகிற நேரம் என்று மூன்று முறை படம் எடுத்தேன். வெள்ளைக்குள் நீலமும் மஞ்சளும் இருப்பது அங்கேதான் தெரிந்தது. என் கொமிக்கில் வரும் பனியெல்லாம் ஆனையிறவு உப்பு. கனடாவில் இருக்கும் சித்தி பார்த்துவிட்டுப் பனி நல்லாயிருக்கு என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேர அட்டவணை பற்றி எல்லோரும் 'கிழமைக்கு ஒன்று, தவறக்கூடாது' என்பார்கள். என்னால் முடியாது. காலபோக நெல் வெட்டு மாசி, பங்குனியில் வரும், அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் தெம்பிருக்கும். அதனால் என் கொமிக்கும் போகப்படி ஓடுகிறது. வெட்டுக்கு நிறுத்தம் என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். வறண்ட ஆடி, ஆவணியில் ஏழெட்டுப் பகுதி சேமித்துக்கொள்வேன். சொல்லிவிட்டு நின்றால் வாசகர் காத்திருக்கிறார், சொல்லாமல் நின்றால்தான் போய்விடுகிறார். 2022இல் கரண்ட் வெட்டு வந்தபோது, மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனதே, அப்போது மட்டும் திட்டமெல்லாம் பிழைத்தது. லப்டொப் பற்றரியை நம்ப முடியாமல் பள்ளிக்கூடக் கொப்பியில் பென்சிலால் வரைந்து, முற்றத்து வெளிச்சத்தில் போனில் படம் பிடித்துப் போட்டேன். ஒற்றை றூள் கோடுகள்கூட அப்படியே தெரியும். அந்த ஆறு பகுதியைத்தான் இன்றைக்கும் அதிகம் பேர் நல்லதென்கிறார்கள். கொஞ்சம் எரிச்சலான விசயம்.

விளையாட்டு நம்மைக் கேட்டுக்கொண்டு மாறாது. 2020 டிசம்பரில் புதிதாக ஒரு தீவையே சேர்த்தார்கள், 2024இல் இன்னொரு பெரிய மாற்றம். 'தீவு எப்ப வரும்?' என்று கேட்டுக் களைத்துவிட்டார்கள். என் ஊர் நான் தொடங்கிய வருடத்து ஊர். தீவு வராது.

கென்ற் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் அரைகுறை.

இரண்டாம் வருடத்து வசந்தத்தின் முதல் நாள் கென்ற் என்றொருவர் ஊருக்குத் திரும்பி வருவார். போருக்குப் போனவர். மனைவி ஜோடி, பிள்ளைகள் சாம், வின்சன்ற். அவரோடு கொஞ்சம் பழகினால் ஒரு காட்சி வரும். ஜோடி சோளம் பொரிக்கிறார், அந்தச் சத்தம் கென்ரைக் குலைத்துப்போடுகிறது. விளையாட்டில் அது சின்னக் காட்சி.

நான் அதைத் தொடாமல் நாலு மாதம் மீன்பிடியும் திருவிழாவும் வரைந்து கடத்தினேன். பிறகு ஒரு வழியாக வரைய இருந்தேன். கொமிக் என்றால் சத்தத்தை எழுத்தில் காட்டுவதுதானே வழக்கம், பானைக்கு மேலே பெரிய சிவப்பு எழுத்தில் 'படபட' என்று போட்டிருந்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உந்தச் சத்தத்தை எடு தம்பி" என்றார். வேறொன்றும் இல்லை, உள்ளே போய்விட்டார். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒருவரும் வெடி கொளுத்துவதில்லை. பக்கத்து வளவில் கொளுத்தத் தொடங்கினால் சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் போய்விடுவார்.

எடுத்துவிட்டேன். அந்தப் பகுதியில் 14 கட்டம், ஓர் எழுத்துக்கூட இல்லை. பானையின் மூடி இலேசாக எழும்புகிறது. ஒரு பொரி தரையில் விழுகிறது. மேசை விளிம்பைப் பிடித்த கென்ரின் நாலு விரல். மேசைக்குக் கீழிருந்து வின்சன்ற் பார்க்கிறான். ஜோடியின் கை பானையை அடுப்பில் இருந்து இறக்குகிறது. வழக்கமாகப் பகிடி விடுகிறவர்கள் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. பிறகு இரண்டு மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள், கென்ற் எந்தப் பக்கத்து ஆள் என்று. விளையாட்டில் அவர் சண்டை பிடித்தது கொட்டோரோப் பேரரசோடு. நான் அதை மாற்றவில்லை, அதையே பதிலாக அனுப்பினேன். இரவல் உலகத்தில் கதை சொல்வதில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி அதுதான். சொந்தமாக ஓர் ஊரை உண்டாக்கியிருந்தால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

காசைப் பற்றியும் கேட்பீர்கள். வராது, வரவைக்கவும் நான் முயலவில்லை. பாத்திரங்கள் இன்னொருவருடையவை.

இனி மிச்சம் இருப்பது அம்மப்பா. மூன்றாம் வருடத்தின் முதல் நாள் அவர் ஆவியாக வந்து காணியைப் பார்ப்பார். எவ்வளவு திருப்தியோ அவ்வளவு மெழுகுதிரி எரியும், கூடினால் நாலு. அம்மா கொஞ்ச நாளாக எத்தனை எரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெழுகுதிரியையே மாற்றப்போகிறேன், போர் நாட்களில் வடக்குக்கு இருந்த பொருளாதாரத் தடைக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு வைக்கப்போகிறேன் என்றேன். அடியில் பஞ்சு, அதில் துளி மண்ணெண்ணெய், ஒரு திரி. நான் சின்னப்பிள்ளையாக அதைப் பார்த்ததுண்டு, ஆனால் திரி எப்படி நின்றதென்று ஞாபகமில்லை. அம்மா குசினித் தட்டில் இருந்து ஒரு வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்து லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பஞ்சு நாளைக்குத் தாறன் என்றார்.