அம்மாவின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லையா? குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

கேள்வி: மனச்சோர்வுக்காக 58 வயதான அம்மாவுக்கு மூன்று வாரமாகச் செர்ட்ரலின் கொடுக்கிறோம். கை நடுங்குகிறது. உட்கார முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். பார்மசிக்காரர் பார்க்கின்சன் நோய் என்கிறார். நிறுத்திவிடலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். செர்ட்ரலின் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனத்தின் செயற்பாட்டைக் கூட்டுகிறது. அது கூடும்போது, உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற இன்னோர் இரசாயனத்தின் வேலை சிலருக்கு மட்டுப்படும். அம்மாவை உட்கார விடாத அந்தரம் பெரும்பாலும் இதனால்தான். அளவைக் குறைத்தால், அல்லது மருந்தை மாற்றினால், வழக்கமாக அடங்கிவிடும். தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது இரண்டு கையும் நடுங்குகிறதா, மடியில் சும்மா கிடக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். மருந்து நடுக்கம் பெரும்பாலும் முதல் வகை. பார்க்கின்சன் வழக்கமாக இரண்டாவது விதமாகத் தொடங்கும்.

கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே நோயைக் கண்டுபிடிப்பவர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தலைச்சுற்றுக்குப் புரோகுளோர்பெரசின், வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் என்று கடதாசி உறையில் போட்டு, ‘காலை 1, இரவு 1’ என்று கிறுக்கித் தருவார்கள். இரண்டும் டோபமினை நேரடியாகவே தடுப்பவை. நடுக்கம் தருவதில் செர்ட்ரலினை மிஞ்சியவை. உறையில் மருந்தின் பெயரே இராது. கிளினிக் கொப்பியிலாவது விளங்கும்படி எழுதியிருக்கிறதா என்றால், அதற்கும் நேரமில்லையாம்! வீட்டிலுள்ள குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ‘மூளை இரசாயனச் சமநிலை’ பார்க்க இரத்தம் எடுக்கலாம் என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இரத்தத்திலுள்ள செரட்டோனின் மூளையின் நிலையைச் சொல்லாது.

மருத்துவரைக் கேட்காமலே அடுத்த குளிசையை நிறுத்த வேண்டிய நிலை ஒன்று உண்டு. முதுகுவலிக்கு ட்ரமடோல், அல்லது டெக்ஸ்ட்ரோமெத்தோர்பான் கலந்த இருமல் பாணி சேர்ந்துவிட்டால் செரட்டோனின் எல்லை மீறலாம். காய்ச்சலோடு வியர்த்துக் கொட்டும், வயிறு போகும், கால்கள் விறைத்து வெட்டி இழுக்கும், பேச்சுக் குழம்பும். இலேசான நடுக்கம் மட்டும் இதுவல்ல. வெறும் காய்ச்சலும் இதுவல்ல; கொழும்பில் அதற்கு முதலில் டெங்குவை நினையுங்கள். ஆனால் இவை சேர்ந்து வந்தால் காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

அந்தரம் தாங்காமல் ‘செத்தால் போதும்’ என்று அம்மா சொன்னால், கிளினிக் நாள் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.