நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்து பிறந்த பிள்ளை: ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள்

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பிரஷர் ஏறி, நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்து, 32 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்த பையன், 1.2 கிலோ. இப்போது ஐந்து மாதம், இன்னும் குப்புற விழவில்லை. தலை ஸ்கேன் நார்மல். ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை நன்றாக வளரும் என்று ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறாராம்.

பணம் கொடுக்காதீர்கள். மூளை வளர்ச்சிக்கு என்று அந்த ஊசிக்கு நம் நாட்டில் அனுமதியே கிடையாது. ஆராய்ச்சி என்று சொன்னால், முறையான ஆராய்ச்சியில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. காசு கேட்கிறார் என்றாலே அவர் கமிஷன் ஆள்தான். ஜிப்மர் வாசலில் நின்று பேசினாலும் நம்பாதீர்கள்.

பையன் எட்டு வாரம் முந்திப் பிறந்தவன், அதனால் வளர்ச்சிக் கணக்கில் அவனுக்கு மூன்று மாதம்தான், இப்போது குப்புற விழாததில் பயமில்லை. இரண்டு வயது வரை இப்படியே முந்திப் பிறந்த இரண்டு மாதத்தைக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான்.

நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாதபோது வயிற்றுப் பிள்ளை கிடைக்கும் ரத்தத்தை மூளைக்கே முதலில் அனுப்பும். அதனால்தான் உடம்பு மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரியும். ஆனால் அது முழுப் பாதுகாப்பு இல்லை. தலை ஸ்கேனில் ரத்தக்கசிவும் பெரிய சேதமும் தெரியும், நுண்ணிய நரம்பு இணைப்புகள் தெரியாது. எனவே நார்மல் என்று செக்கப்பை விடாதீர்கள், ஒவ்வொரு முறையும் தலைச் சுற்றளவை அளந்து எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் பல இடங்களில் அதை எழுதுவதே இல்லை. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அடுத்த பிரசவத்துக்காவது உதவும், அதையும் நேராக மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுவிடுகிறார்கள், எத்தனை வருஷம்தான் சொல்வது!

வளர்ச்சியில் ஒன்றுக்கு மட்டும் இந்தக் கழித்தல் கணக்கு செல்லாது. ஒரு கையை மட்டும் நீட்டி, மறு கையை மூடியே வைத்திருந்தால் காத்திருக்காதீர்கள். 'அவங்க தாத்தா மாதிரி இடதுகைக்காரன்' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஒரு வயதுக்கு முன்னால் கைப்பழக்கம் வராது. வந்தால் மறு கை பலவீனமாக இருக்கலாம். டயப்பர் மாற்றும்போது ஒரு கால் மட்டும் விறைத்தாலும் அதே கதைதான்.

அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் (வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் இடம்) எங்கே என்று கேளுங்கள், பயிற்சி இலவசம். கண் விழித்திரை, காது டெஸ்ட் தாள்களையும் எடுத்துப் போங்கள். கண் டெஸ்ட் பிறந்து ஒரு மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் நாளைக்கே போங்கள்.